பணப்பையும் பந்தியும்

இராசிபுரத்தில் கூட்டம் முடிந்து, விளக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரம். சேகோ ஆலையில் வேலை செய்யும் தோழர் ஒருவர் நம் கையைப் பற்றி ஓரமாக அழைத்துச் சென்றார். குச்சிக்கிழங்குப் பால் பட்டுப் பட்டு வெளுத்துப்போன விரல்கள். ஆனால் பிடி இரும்புப் பிடி.

"பேசினதெல்லாம் நல்லாத்தான் இருந்ததுங்க. எனக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க தோழர்" என்றார்.

கேட்டோம். அவர் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் குடும்பத்திலே கல்லூரி வாயிலைத் தாண்டிய முதற்கால் அவளுடையது. அரசாங்க மானியம் பெறுகிற கல்லூரி, பெயர் வேண்டாம். சேர்ந்த முதல் வாரத்திலே ஒரு பேராசிரியர் கேட்டாராம், "உங்க ஊர்ல எந்தப் பக்கம் வீடு?" என்று. வழி விசாரித்த கேள்வியா அது? சாதி விசாரித்த கேள்வி! பக்கத்தைச் சொன்னாள். பக்கம் தெரிந்ததும் பார்வை மாறிற்று. பார்வை மாறியதும் மதிப்பெண் மாறிற்று. "உனக்கெல்லாம் இந்தப் படிப்பு எதுக்கு? தையல் கத்துக்கிட்டா ஆகாதா?" என்று வகுப்பறையிலே, நாற்பது பேர் காதுபடச் சொன்னாராம். முதல்வரிடம் எழுதிக் கொடுத்தாள். "பார்த்துக்கொள்ளலாம்" என்றார் முதல்வர். அதற்குப் பிறகு அவர் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

"அந்தக் காலேஜுக்கு கவர்மெண்டு பணம் போகுதுங்களே! அதை நிறுத்தச் சொல்லி நம்ம பேப்பர்ல எழுதுங்க. மடியில கை வெச்சாத்தான் புத்தி வரும்" என்றார் தோழர்.

எழுதுகிறோம் என்று வாக்களித்தோம். வாக்கைக் காக்கவே இன்று எழுதுகிறோம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தோழர் கேட்டதில் பாதியை உரத்த குரலில் ஆதரிக்கிறோம். மறுபாதியிலே, அவரோடு மட்டுமல்ல, நம் தோழர்கள் பலரோடும் வழக்காட வேண்டியிருக்கிறது. கோபம் கொள்ளாமல் இறுதிவரை படியுங்கள்.

மானியம் என்பது யார் பணம்? கோட்டையிலே காய்க்கும் மரம் ஏதுமில்லை. பள்ளிபாளையத்தில் இரவு முழுதும் தறியோட்டுகிறவன் வாங்கும் சோப்புக்கட்டியிலே வரி இருக்கிறது. நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவன் ஊற்றும் டீசலிலே வரி இருக்கிறது. சேலத்தில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவன் வாங்கும் பல்பொடியிலே வரி இருக்கிறது. அந்தப் பணத்தில் சம்பளம் வாங்குகிற ஒருவர், அந்தத் தறிக்காரன் மகளைப் பார்த்து, "உனக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்டால், சோறு போட்ட கையையே கடித்தவராகிறார். ஆகவே, பணம் கொடுப்பவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. இதிலே நமக்கு ஐயமே இல்லை.

இந்த உரிமையைத் தமிழ்நாட்டுக்குக் கற்பித்தவர்களில் ஒருவர், தோழர் நம்மைப் பிடித்து நிறுத்திய அதே இராசிபுரத்தில், 1887-இல் பிறந்தவர். டாக்டர் பெ. வரதராசலு நாயுடு! வைத்தியர், பத்திரிகையாளர், சேலத்து மேடைகளிலே முழங்கியவர், சிறை கண்டவர். அவரும், அந்நாளில் காங்கிரசிலிருந்த ஈரோட்டு ராமசாமியும் சேர்ந்து நடத்திய ஒரு போராட்டத்தின் கதையை, இளைய தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

1922-இல் வ. வே. சு. அய்யர் திருநெல்வேலிச் சீமையிலே ஒரு குருகுலம் தொடங்கினார். அது பின்னர் சேரன்மாதேவியிலே நிலைகொண்டது. அய்யர் சாமானியர் அல்லர். இலண்டனிலே புரட்சிக்காரர்களோடு இருந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அன்னியர் பள்ளிக்கு மாற்றாக நாட்டுப்பற்று ஊட்டும் பள்ளி என்றார். நாடே நம்பியது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாகத் தீர்மானித்து, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. பார்ப்பனரல்லாத செல்வர்கள் பலர் அள்ளிக் கொடுத்தனர். கடல் கடந்து வாழ்ந்த தமிழரும் கொடுத்தனர். பொதுமக்கள் பணம்!

அந்தப் பணத்தில் வெந்த சோறு எப்படிப் பரிமாறப்பட்டது? பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி. மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி. உலை ஒன்று, ஊரார் பணம் ஒன்று, இலை மட்டும் இரண்டு!

செய்தி வெளியே வந்தது. வரதராசலு நாயுடு தம் 'தமிழ்நாடு' ஏட்டிலே எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். காங்கிரஸ் கமிட்டிச் செயலாளராக இருந்த ராமசாமி, மீதி ஐயாயிரத்தைத் தர மறுத்தார். "பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்பது அய்யரின் சமாதானம். காந்தியார் வரை வழக்கு சென்றது. இப்போதிருக்கும் இருவரும் தனியே உண்ணட்டும், இனிமேல் அந்த நிபந்தனையோடு யாரையும் சேர்க்க வேண்டாம் என்று அவர் ஒரு நடுவழி சொன்னார். நாயுடு இணங்கவில்லை. 1925 ஏப்ரலில் திருச்சியிலே கமிட்டி கூடியது. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டுவதைத் தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் எந்த அமைப்பும் கைக்கொள்ளலாகாது என்று எஸ். இராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அது பொறாமல், நம் சேலத்து நகராட்சித் தலைவராக இருந்த இராசகோபாலாச்சாரியாரும் வேறு சிலரும் கமிட்டியிலிருந்து விலகினர். அவ்வாண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டிலே, ராமசாமியே காங்கிரசை விட்டு வெளியேறினார். அதன் பிறகு நடந்தது நாடறிந்த வரலாறு.

இந்தக் கதையிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூறாண்டு கழித்து அதுதான் நமக்கு வழிகாட்டுகிறது. அன்று நாயுடு என்ன கேட்டார்? "அய்யரே, உம் உள்ளத்தில் வருணாசிரமம் இருக்கிறதா இல்லையா என்று சத்தியம் செய்யும்" என்று கேட்டாரா? இல்லை. "கம்பனைப் பற்றி நீர் எழுதியதைக் கிழித்தெறியும்" என்றாரா? இல்லை. "குருகுலத்து ஆசிரியர்கள் என்ன நூல் படிக்கிறார்கள், எந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்று பட்டியல் கொடும்" என்றாரா? அதுவும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பந்தி ஒன்றா, இரண்டா?

கண்ணால் காணக்கூடிய கேள்வி. சாட்சி சொல்லக்கூடிய கேள்வி. திருத்திக்கொள்ள ஒரே நாள் போதும். அதனாலேயே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறினார்கள்.

இந்த நியாயம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1923-இல் பம்பாய் அரசாங்கம், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கும் உதவிபெறும் பள்ளிக்கு மானியம் கிடையாது என்று ஆணையிட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, அரசு உதவி பெறும் எந்தக் கல்விக்கூடமும் மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டும் எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்கிறது. அமெரிக்காவிலே 1964-ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டாட்சியின் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் நிறவேற்றுமை காட்டக்கூடாது என்றது. எல்லாவற்றிலும் அடிநாதம் ஒன்றுதான்: பொதுப்பணம் வாங்குகிறாயா, பொதுப்பந்தி போடு!

இதுவரை தோழர்கள் தலையாட்டியிருப்பீர்கள். இனிதான் வழக்கு.

"அப்படியானால், சாதிவெறியும் மதவெறியும் பேசுகிற பேராசிரியர்கள் இருக்கும் கல்லூரிகளுக்கெல்லாம் பணத்தை நிறுத்திவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நம் கூட்டங்களிலே கைத்தட்டல் பெறும் பேச்சுத்தான் அது. ஆனால், கைதட்டிய கையை இறக்குவதற்குமுன் நாமக்கல் வரை நம்மோடு வாருங்கள்.

நாமக்கல் அரசு கலைக் கல்லூரியிலே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் பெருமாள்முருகன். 2010-இல் 'மாதொருபாகன்' என்ற நாவலை வெளியிட்டார். நான்காண்டுகள் அது அமைதியாக விற்றது. 2014 டிசம்பரில் திடீரென்று திருச்செங்கோட்டிலே அந்நூலைக் கொளுத்தினார்கள். கடையடைப்பு நடத்தினார்கள். எங்கள் சாதியைப் புண்படுத்தினார், எங்கள் கோயிலை இழிவுபடுத்தினார் என்றார்கள். 2015 ஜனவரியில், நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலே 'அமைதிப் பேச்சு' நடந்தது. அமைதிப் பேச்சு என்று பெயர். உட்கார வைத்துப் பணிய வைத்தார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். மாற்றல் பெற்றுக்கொண்டு சென்னைக்குப் போனார். 2016 ஜூலையில்தான் சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் பேச்சிலே ஏற்பட்ட உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் மீண்டும் எழுதட்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

எண்ணிப்பாருங்கள் தோழர்களே! "தீவிரக் கருத்துடைய ஆசிரியரை வைத்திருக்கும் கல்லூரிக்கு மானியம் இல்லை" என்று அன்றைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தால், திருச்செங்கோட்டுக் கூட்டம் முதலில் எந்தக் கல்லூரியின் பணப்பையைப் பிடித்திருக்கும்? சாதிவெறியை ஊட்டியவனின் கல்லூரியையா? சாதியைப் பற்றி எழுதியவனின் கல்லூரியையா? நாம் தீட்டிக் கொடுத்த கத்தி நம் கழுத்துக்கே வந்திருக்கும். 'தீவிரம்' என்பதற்கு அகராதியில் என்ன பொருள் இருந்தால் என்ன? ஆட்சியில் இருப்பவன் எழுதும் பொருள்தான் நடைமுறைக்கு வரும். பெரியாருடைய பேச்சைத் தீவிரம் என்று சொல்லாத ஆட்சி எது? அண்ணா எழுதிய ஒரு நூலுக்காக அவரைத் தண்டித்த ஆட்சியையும் பார்த்த நாடுதானே இது?

கடலுக்கு அப்பாலும் இதே கூத்துத்தான். 2025-இல் அமெரிக்காவிலே டிரம்ப் அரசாங்கம், யூத வெறுப்பை அடக்கத் தவறினீர்கள் என்று சொல்லி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 40 கோடி டாலரையும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 220 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிப் பணத்தையும் நிறுத்தியது. யூத மாணவன் ஒருவன் மிரட்டப்பட்டால், அது விசாரிக்கப்பட வேண்டிய குற்றம். அதிலே இரண்டு கருத்தில்லை. ஆனால் அரசாங்கம் நீட்டிய பட்டியலிலே, எவரை நியமிக்கலாம், எவரைச் சேர்க்கலாம், எந்தத் துறையை யார் கண்காணிக்க வேண்டும் என்பதெல்லாம் இருந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் யூத வெறுப்புக்கும் என்ன உறவு? நிறுத்தப்பட்ட பணத்திலே அதுவும் அடக்கம். கொலம்பியா பணிந்து, 20 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டது. ஹார்வர்டு வழக்காடியது. அவ்வாண்டு செப்டம்பரில், பணத்தை நிறுத்தியது சட்டத்துக்கு மாறானது என்று நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலும், யூத வெறுப்பைக் கையாளத் தவறும் பல்கலைக்கழகங்களுக்குப் பணத்தை நிறுத்தலாம் என்று அரசின் சிறப்புத் தூதர் ஒரு திட்டம் கொடுத்தார்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? டில்லி அரசாங்கம், தன் கல்விக் கொள்கையையொட்டிய பள்ளித் திட்டத்திலே தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024–25-ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்ததே! "எங்கள் பணத்தைக் கொண்டு எங்களையே மிரட்டுகிறாயா?" என்று நாம் கேட்டோமே! கொள்கைக்கு விலையாகப் பணத்தைக் காட்டுவது டில்லி செய்தால் அநியாயம், நாம் செய்தால் நியாயமா? நியாயத்துக்கு இரண்டு பந்தி போடலாமா?

ஆகவே கோட்டை இப்படிக் கிழிக்கிறோம். பணம் செயலைக் கேட்கலாம், சிந்தனையைக் கேட்கக்கூடாது.

ஒரு பேராசிரியர் மனுநூலைப் புகழ்ந்து கட்டுரை எழுதுகிறாரா? எழுதட்டும். நாமும் எழுதுகோல் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பிடிக்காத கூட்டத்துக்குப் போகிறாரா? போகட்டும். திங்கட்கிழமை வகுப்பிலே என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. மாணவியின் தெருவைக் கேட்டு இருக்கையை மாற்றினாரா? சாதி பார்த்துச் செய்முறைத் தேர்விலே மதிப்பெண்ணைக் குறைத்தாரா? வகுப்பிலே ஒரு பிள்ளையைச் சுட்டி இழித்துப் பேசினாரா? விடுதியிலே தட்டைப் பிரித்தாரா? இவை கருத்துகள் அல்ல, செயல்கள். இவைதாம் இன்றைய சேரன்மாதேவிப் பந்திகள்.

நம் சேலத்திலேயே ஒரு சான்று உண்டு. பெரியார் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம், 1997-இல் பிறந்தது. 2022 ஜூலையிலே அதன் முதுகலை வரலாற்றுத் தேர்வுத்தாளிலே, தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்ற பொருளில் ஒரு வினா. விடையாக நான்கு சாதிப் பெயர்கள்! பெரியார் பெயர் பொறித்த வளாகத்திலே, எந்தச் சாதி தாழ்ந்தது என்று மாணவன் குறிக்க வேண்டுமாம்! எழுதியவர் மனத்திலே என்ன இருந்தது என்று தேட வேண்டியதில்லை. தாளிலே இருப்பது போதும். யார் எழுதினார், யார் சரிபார்த்தார், யார் அச்சுக்கு அனுப்பினார் என்று கேட்கலாம். பதில் வாங்கலாம், திருத்தலாம். செயலைக் கேட்பது என்றால் இதுதான்.

அடுத்து, பணத்தை நிறுத்துவது எப்படி, யாருக்கு நிறுத்துவது? அவசரப்பட்டால் இங்கேதான் சறுக்குவோம். அரசு உதவிபெறும் கல்லூரியிலே, ஒப்புதல் பெற்ற பணியிடங்களுக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். மானியத்தை ஒரேயடியாக வெட்டினால் யாருக்கு வலிக்கும்? காரில் வந்து இறங்கும் தாளாளருக்கா? அவருக்குப் பக்கத்திலேயே சுயநிதிப் பிரிவு இருக்கிறது, அதிலே கட்டணம் குவிகிறது. வலிப்பது, மணியடிக்கும் பணியாளருக்கு, ஆய்வக உதவியாளருக்கு, ஒரு பாவமும் அறியாத மற்ற ஆசிரியருக்கு. எல்லாரையும்விட, சேகோ ஆலைத் தோழரின் மகளுக்கு! இழிவுபட்டவளும் அவள், படிப்பிழப்பவளும் அவளா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

எனவே நாம் கேட்பது இது. நடத்தை விதி முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே விதி. புகார் வந்தால் இத்தனை நாளுக்குள் விசாரணை என்று கெடு வேண்டும். விசாரிப்பவர் நிர்வாகத்தின் சம்பந்தியாக இருக்கக் கூடாது. புகார் கொடுத்தவரின் தேர்வுத்தாளை வேறு கல்லூரியார் திருத்த வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியருக்கும் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு வேண்டும். மெய்ப்பிக்கப்பட்ட பிறகும் நிர்வாகம் மூடி மறைத்தால், பிள்ளைகளின் உதவித்தொகையிலே கைவைக்காதீர். பணியாளர் சம்பளத்திலே கைவைக்காதீர். நிர்வாகத்தின் நியமன அதிகாரத்திலே கைவையுங்கள்! புதிய பாடப்பிரிவை மறுங்கள், புதிய கட்டட நிதியை மறுங்கள். மடியிலே கைவைக்கச் சொன்னாரே தோழர், சரிதான். ஆனால் கை, தாளாளர் மடியிலே விழ வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்பீர்கள். எளிதல்ல. நாங்குநேரியிலே 2023 ஆகஸ்டில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அதன் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையிலே, ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரையே அங்கே கல்வி அதிகாரியாகவும் தலைமையாசிரியராகவும் அமர்த்தலாகாது என்றது. உடனே எழுந்த கூச்சலை நாடறியும். 2026 ஜனவரியிலே பல்கலைக்கழக மானியக் குழு, சாதி வேற்றுமைக்கு எதிராகப் புதிய விதிகளை வெளியிட்டது. மீறும் நிறுவனத்தைத் தன் திட்டங்களிலிருந்து விலக்கலாம் என்றும் சொன்னது. வடக்கே பெரும் எதிர்ப்பு. அந்த மாதமே உச்சநீதிமன்றம் அவ்விதிகளை நிறுத்திவைத்தது. சொற்கள் தெளிவாக இல்லை, தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று காரணம் காட்டியது. ரோகித் வெமுலாவை இழந்த தாயும், பாயல் தட்வியை இழந்த தாயும் 2019 முதல் நீதிமன்றப் படியேறிக் கேட்டதன் பின்னே வந்த விதிகள் அவை. அந்தத் தாய்மாரின் கண்ணீருக்கு விதி வேண்டும். அந்த விதி நீதிமன்றத்திலே நிற்கவும் வேண்டும். மங்கலான சொல்லை எழுதினால் எதிரிக்கு வாய்ப்பு. பந்தி ஒன்றா இரண்டா என்பதுபோலத் தெளிவாக எழுதினால் எவன் மறுப்பான்?

கடைசியாக, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. சாதி பார்க்கும் தாளாளர்களிலே, நம் கொடி கட்டிய காரில் வருபவர் ஒருவர்கூட இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? மேடையிலே நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சமத்துவம் பேசிவிட்டு, கல்லூரிக்குப் போய் விண்ணப்பத்திலே சாதியைத் தேடுகிறவர் இல்லையா? எதிரியின் கல்லூரிக்கு ஒரு விதி, நன்கொடை தருகிறவரின் கல்லூரிக்கு ஒரு விதி என்றால், அதுவும் தனிப் பந்திதான். வரதராசலு நாயுடுவும் ராமசாமியும் எதிர்க்கட்சிக் குருகுலத்தையா எதிர்த்தார்கள்? தம் சொந்தக் கட்சி பணம் கொடுத்த குருகுலத்தை எதிர்த்தார்கள். அதனால்தான் நூறாண்டு கழித்தும் அவர்கள் கேள்வி செத்துவிடவில்லை.

இராசிபுரத்துத் தோழரே! உம் மகளின் புகாரை முதலில் எழுத்திலே வாங்குவோம். தேதியோடு, சாட்சியோடு, ஒப்புகைச் சீட்டோடு. கிளைத் தோழர் இருவர் உம்மோடு கல்லூரிக்கு வருவார்கள். கூச்சல் போட அல்ல, கேட்டுப் பதில் வாங்க. முதல்வர் மறுத்தால் கல்லூரிக் கல்வி இணை இயக்குநரிடம் போவோம். அங்கும் மறுத்தால் இந்த ஏட்டிலே எழுதுவோம். அந்தப் பேராசிரியர் வீட்டிலே என்ன நூல் இருக்கிறது என்று நாம் கேட்கப்போவதில்லை. வகுப்பிலே உம் மகளுக்கு எங்கே இடம் என்று மட்டும் கேட்போம். பதில் வரும்வரை கேட்போம். அதுவரை அவள் ஒருநாள்கூடக் கல்லூரிக்குப் போகாமல் இருக்கக் கூடாது. முன்வரிசையிலே உட்காரச் சொல்லுங்கள்.